பிறந்த 24 மணி நேரத்திற்குள் ஓர் ஊசி
கர்ப்பிணித் தாயும் கல்லீரல் அழற்சியும்: தோட்டப்புறக் குடும்பங்கள் அறிய வேண்டியவை

ஜாசின் வட்டாரத்தில் ஒரு தோட்டம். அங்கே லயத்து வீடு ஒன்றில் 1987-ஆம் ஆண்டு ஒரு பெண் பிறக்கிறார். பிரசவம் பார்த்தவர் தோட்டத்து மருத்துவச்சி. அந்தப் பெண் வளர்ந்து, திருமணமாகி, மலாக்கா நகருக்கு அருகில் ஒரு தாமானில் குடியேறுகிறார். கணவருக்கு ஆயர் குரோ தொழிற்பேட்டையில் வேலை. இரண்டு பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு அவர் மூன்றாவது முறையாகக் கருவுறுகிறார். அரசாங்க கிளினிக்கில் பெயர் பதிந்து இரத்தம் கொடுத்துவிட்டு வருகிறார். அடுத்த முறை போனபோது தாதி அவரைத் தனியாக அழைத்து உட்கார வைக்கிறார்.

"அக்கா, உங்க இரத்தத்துல ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கு. பயப்படாதீங்க. டாக்டர் எல்லாத்தையும் சொல்லுவாரு. அடுத்த தடவை அண்ணனையும் கூட்டிக்கிட்டு வாங்க."

வீட்டில் விஷயம் தெரிந்ததும் மாமியார் கேட்ட முதல் கேள்வி: "நம்ம குடும்பத்துல யாருக்கும் இல்லாதது உனக்கு எங்கிருந்தும்மா வந்துச்சு?" கணவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

இது குறிப்பிட்ட ஒருவரின் கதையன்று. விளக்கத்திற்காக வரைந்து காட்டப்படும் ஒரு குடும்பச் சித்திரம். ஆனால் மாமியார் கேட்ட அந்தக் கேள்வி பல வீடுகளில் எழக்கூடியது. பதில் தெரியாததால் பெண்ணின் ஒழுக்கத்தின் மீது சந்தேகம் விழுகிறது. அதற்குப் பயந்து சிலர் கிளினிக் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறார்கள். அதனால் பாதிக்கப்படுவது வயிற்றில் இருக்கும் குழந்தை. எனவே இந்த நோயைப் பற்றிய சரியான விவரங்களை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

காமாலை ஒன்று, கிருமிகள் ஐந்து

கல்லீரல் அழற்சி என்பது கல்லீரல் வீங்கிப் புண்ணாகும் நிலை. இதை உண்டாக்கும் முக்கிய வைரஸ் கிருமிகள் ஐந்து. ஏ, பி, சி, டி, இ என்று அவற்றுக்குப் பெயர். நம்மவர்கள் எல்லாவற்றையும் சேர்த்து 'மஞ்சள் காமாலை' என்று சொல்லிவிடுகிறோம். கண்ணும் தோலும் மஞ்சளாவது நோயின் ஓர் அறிகுறிதான். எந்தக் கிருமி என்பதை இரத்தப் பரிசோதனை செய்தால்தான் சொல்ல முடியும்.

ஏ, இ ஆகிய இரண்டும் அசுத்தமான தண்ணீர், உணவு வழியாக வருபவை. பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குணமாகிவிடும். பி, சி, டி ஆகிய மூன்றும் இரத்தம், உடல் திரவங்கள் வழியாகப் பரவுபவை. இவை உடலிலேயே பல ஆண்டுகள் தங்கிவிடக் கூடும். டி கிருமி தனித்து வாழாது. பி கிருமி இருக்கும் உடலில் மட்டுமே அதனால் பெருக முடியும்.

கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை இரண்டு வகைகளில் கூடுதல் கவனம் தேவை. பி கிருமி தாயை அதிகம் தொந்தரவு செய்யாமல் குழந்தையிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இ கிருமி தாயின் உயிருக்கே உலை வைக்கக் கூடியது.

எங்கிருந்து வந்தது?

மாமியாரின் கேள்விக்கு வருவோம். நம் சித்திரத்தில் உள்ள பெண்ணுக்கு அந்தக் கிருமி பெரும்பாலும் அவரைப் பெற்ற தாயிடமிருந்தே வந்திருக்கும். அதுவும் அவர் பிறந்த அன்றைக்கே.

தாயின் இரத்தத்தில் பி கிருமி இருந்தால், பிரசவ நேரத்தில் தாயின் இரத்தமும் திரவங்களும் குழந்தையின் மீது படும்போது கிருமி உள்ளே நுழைகிறது. தடுப்பு எதுவும் செய்யாவிட்டால், கிருமி மிகுந்துள்ள தாய்க்குப் பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஏழு முதல் ஒன்பது குழந்தைகள் வரை அதைப் பெற்றுக்கொள்ளும்.

வயது வந்த ஒருவருக்கு இந்தக் கிருமி தொற்றினால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் உடலே போராடி அதை விரட்டிவிடும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் நிலைமை தலைகீழ். பத்தில் ஒன்பது குழந்தைகளின் உடலில் அது நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. குழந்தையின் எதிர்ப்புச் சக்தி இன்னும் முதிரவில்லை. வந்திருப்பது எதிரி என்பதே அதற்குத் தெரிவதில்லை. சேர்ந்து வாழப் பழகிவிடுகிறது.

அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வராது, காமாலை வராது. ஓடியாடி விளையாடும், படிக்கும், வேலைக்குப் போகும். முப்பது, நாற்பது வயதில்தான் பிரச்சினை தலைகாட்டும். சிறு வயதிலேயே இந்தக் கிருமி தங்கிவிட்டவர்களில் நால்வரில் ஒருவர் அளவுக்குக் கல்லீரல் சுருக்கம் அல்லது கல்லீரல் புற்றுநோய்க்கு ஆளாகக் கூடும்.

நம் சித்திரத்தில் உள்ள பெண்ணுக்கு ஓர் அண்ணன் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவரும் அதே லயத்தில் பிறந்தவர். 42-ஆவது வயதில் வயிறு வீங்கி, உடல் மெலிந்து காலமானார். "சம்சு குடிச்சே கல்லீரல் போச்சு" என்று ஊரே பேசியது. தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் மட்டுமே தொட்டவர் அவர் என்பது வீட்டாருக்குத் தெரியும். ஆனாலும் ஊர் சொன்னதை மறுத்துப் பேச அவர்களிடம் வேறு காரணம் இல்லை.

மது கல்லீரலைக் கெடுக்கும் என்பதில் ஐயமில்லை. பி கிருமி உள்ளவர் குடித்தால் கேடு இன்னும் வேகமாக வரும். ஆனால் கல்லீரல் நோயால் இறந்த ஒவ்வொருவரையும் குடிகாரர் பட்டியலில் சேர்த்துவிடும் பழக்கம் உண்மையான காரணத்தை மறைத்துவிடுகிறது. அண்ணனின் இரத்தத்தை அன்றே பரிசோதித்திருந்தால், தங்கைக்கும் தாய்க்கும் அப்போதே தெரிந்திருக்கும்.

1989 என்ற எல்லைக்கோடு

அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் பரூக் புளும்பெர்க் 1960-களில் பி கிருமியின் அடையாளத்தைக் கண்டறிந்தார். அதற்காக 1976-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவர் பிறந்த நாளான ஜூலை 28-ஆம் தேதியே இன்று உலகக் கல்லீரல் அழற்சி தினமாக அனுசரிக்கப்படுகிறது. அவரது கண்டுபிடிப்பிலிருந்துதான் தடுப்பூசியும் பிறந்தது.

தைவான் 1984-இல் நாடு தழுவிய தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. பத்தே ஆண்டுகளில் அங்கே 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளிடையே கல்லீரல் புற்றுநோய் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஓர் ஊசி புற்றுநோயையும் தடுக்கும் என்று உலகம் கண்டுகொண்டது அப்போதுதான்.

மலேசியாவில் 1989 முதல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடப்படுகிறது. ஆகவே 1989 நம் நாட்டில் ஓர் எல்லைக்கோடு. அதற்கு முன் பிறந்தவர்களுக்குப் பிறந்தவுடன் இந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. அந்தப் பெண் 1987-இல் பிறந்தவர். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டார். இதில் அவருடைய தவறு என்ன இருக்கிறது?

அவருடைய முதல் இரண்டு பிள்ளைகளும் கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்தவர்கள். தாய்க்குக் கிருமி இருப்பது அப்போது யாருக்கும் தெரியாது. ஆனாலும் பிறந்த அன்றே மருத்துவமனையில் தொடையில் ஓர் ஊசி போடப்பட்டது. எதற்கென்று கேட்டுக்கொள்ளாமலே பெற்றோர் தலையாட்டிய அந்த ஊசி, பெரும்பாலும் அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கும். ஆனாலும் ஒருமுறை இரத்தம் எடுத்து உறுதிப்படுத்திக்கொள்வது அவசியம்.

வெளிநாட்டிலிருந்து மருமகளாக வருகிறவர்களையும் நினைவில் கொள்ள வேண்டும். இந்தியாவில் இந்தத் தடுப்பூசி 2002-இல் சில இடங்களில் முன்னோட்டமாகத் தொடங்கி, 2011-இல்தான் நாடு முழுவதற்கும் விரிந்தது. எனவே தமிழகத்திலிருந்து மணமுடித்து வந்த இளம் பெண்களும் சோதித்துக்கொள்வது நல்லது.

அந்த 24 மணி நேரம்

பி கிருமி உள்ள தாயின் குழந்தையைக் காப்பாற்ற மூன்று அரண்கள் உள்ளன.

முதல் அரண், பிறந்த 24 மணி நேரத்திற்குள் போடும் தடுப்பூசி. கிருமி குழந்தையின் கல்லீரலில் குடியேறுவதற்கு முன்பே எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்ப வேண்டும். 'மூன்றாம் நாள் போட்டுக்கொள்ளலாம், பதினாறு முடியட்டும்' என்று தள்ளிப்போட்டால் பலன் குறைந்துகொண்டே போகும். எதிர்பாராமல் வீட்டிலோ வழியிலோ பிரசவம் நடந்துவிட்டால், தாயையும் சேயையும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது அரண், இம்யூனோகுளோபுலின் எனப்படும் இன்னோர் ஊசி. தடுப்பூசி என்பது குழந்தையின் உடலுக்குப் போர்ப் பயிற்சி கொடுப்பது போன்றது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இந்த இரண்டாவது ஊசி, தயாராக இருக்கும் போர் வீரர்களையே உள்ளே அனுப்புவது போன்றது. இயன்றால் பிறந்த 12 மணி நேரத்திற்குள், தடுப்பூசி போட்ட தொடையில் அல்லாமல் மறு தொடையில் இதைப் போடுவார்கள். தாய்க்குக் கிருமி இருப்பது முன்கூட்டியே தெரிந்தால்தான் இதைத் தயாராக வைத்திருக்க முடியும். பேறுகாலத்தில் இரத்தப் பரிசோதனை முக்கியம் என்று சொல்வது இதனால்தான்.

இந்த இரண்டும் சேர்ந்தால் பெரும்பாலான குழந்தைகள் தப்பிவிடும். அப்படியும் தப்பாதவை, பெரும்பாலும் இரத்தத்தில் கிருமியின் எண்ணிக்கை மிக அதிகமாக உள்ள தாய்மார்களின் குழந்தைகளே. அவர்களுக்காகத்தான் மூன்றாவது அரண்: கர்ப்ப காலத்திலேயே தாய் உட்கொள்ளும் டெனோஃபோவிர் மாத்திரை. ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் கிருமியின் அளவு 2 லட்சம் அலகுகளைத் தொட்டால் அல்லது தாண்டினால் இந்த மாத்திரையைத் தரும்படி உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது. அந்த அளவைப் பார்க்கும் வசதி இல்லாத இடங்களில், கிருமி உள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்குமே தரலாம் என்று 2024-இல் அந்தப் பரிந்துரை விரிவாக்கப்பட்டது. மாத்திரையை எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் தாயின் கல்லீரல் அழற்சி மீண்டும் கிளம்பக் கூடும்.

முதல் ஊசியோடு வேலை முடிந்துவிடவில்லை. மலேசியாவில் 2020-இன் இறுதியில் ஆறு நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி அறிமுகமானது. பிறந்தவுடன் போடும் ஊசிக்குப் பிறகு 2, 3, 5, 18-ஆவது மாதங்களில் அது போடப்படுகிறது. அதில் ஹெபடைடிஸ் பி-யும் அடங்கும். வீடு மாறினாலும், வேலைக்காக வேறு மாநிலம் போனாலும், அருகில் உள்ள அரசாங்க கிளினிக்கில் புத்தகத்தைக் காட்டித் தொடர வேண்டும். குழந்தைக்கு 9 முதல் 12 மாதத்திற்குள், மருத்துவர் சொல்லும் நேரத்தில் இரத்தப் பரிசோதனை செய்து, கிருமி இல்லை, எதிர்ப்புச் சக்தி உண்டு என்று உறுதிப்படுத்திக்கொண்டால்தான் நிம்மதி.

டில்லி கற்றுத் தந்த பாடம்

இனி இ கிருமி. 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் இந்தியத் தலைநகர் டில்லியில் பெரும் காமாலை நோய் பரவியது. யமுனை ஆற்றில் வஜிராபாத் என்னும் இடத்தில் நகரத்திற்குக் குடிநீர் எடுக்கிறார்கள். அந்த நீரில் சாக்கடை கலந்துவிட்டது. நீரைச் சுத்திகரிக்கக் குளோரின் சேர்க்கப்பட்டும் இந்தக் கிருமி தப்பிப் பிழைத்தது. ஏறக்குறைய 29,000 பேருக்குக் காமாலை கண்டது.

பொதுவாக மக்கள் குணமடைந்தாலும், கர்ப்பிணிகளிடையே மரணம் அதிகமாக இருந்தது மருத்துவர்களைத் திகைக்க வைத்தது. 1978-இல் காஷ்மீரில் இதே போன்ற நோய் பரவியபோதும் அதே நிலைதான். ஏ கிருமியும் இல்லை, பி கிருமியும் இல்லை, இது வேறொன்று என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள். 1983-இல் ரஷ்ய ஆய்வாளர் மிகாயில் பலயான், நோயாளிகளின் மலத்திலிருந்து வடித்த திரவத்தைத் தாமே குடித்து, நோய்வாய்ப்பட்டு, தம் மலத்திலிருந்தே புதிய கிருமியைக் கண்டு சொன்னார். அதுவே பின்னர் இ என்று பெயர் பெற்றது.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இந்தக் கிருமி தாக்கினால் ஐவரில் ஒருவர், சில இடங்களில் நால்வரில் ஒருவர் வரை உயிரிழக்கும் அபாயம் உண்டு. கருச்சிதைவு, குறைப்பிரசவம், குழந்தை இறந்து பிறத்தல் ஆகியவையும் நேரலாம். சீனாவில் இதற்கு ஒரு தடுப்பூசி உண்டு. 2022-இல் தென் சூடானில் நோய் பரவியபோது, கர்ப்பிணிகள் உட்பட மக்களுக்கு அது போடப்பட்டது. ஆனால் நம் நாட்டுத் தடுப்பூசி அட்டவணையில் அது இல்லை. ஆகவே நீரும் உணவும்தான் நமக்குப் பாதுகாப்பு.

குழாய்த் தண்ணீர் வரும் தாமான் வீட்டில் இதன் அபாயம் குறைவு. ஆனால் கிணற்று நீரையோ ஓடை நீரையோ இன்னும் நம்பியிருக்கும் வீடுகளில் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். வெள்ளம் வடிந்த பிறகு இது மிகமிக அவசியம். கர்ப்ப காலத்தில் உறவினர் திருமணத்திற்கோ கோயில் யாத்திரைக்கோ இந்தியா செல்பவர்கள், சாலையோரப் பனிக்கட்டி பானத்தையும் நறுக்கி வைத்த பழங்களையும் தவிர்க்க வேண்டும். பன்றி இறைச்சியோ ஈரலோ சமைப்பவர்கள் நன்றாக வேக வைத்தே உண்ண வேண்டும். அரைகுறையாக வெந்ததிலும் இந்தக் கிருமியின் இன்னொரு வகை இருக்கக் கூடும்.

கர்ப்பிணியின் கண் மஞ்சளானால், சிறுநீர் தேயிலைச் சாயம் போல் கறுத்தால், ஓயாத வாந்தி, வலது விலாவின் கீழ் வலி, உடலெங்கும் அரிப்பு என எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தூக்கக் கலக்கம், பேச்சுத் தடுமாற்றம், பல் ஈறில் இரத்தக் கசிவு ஆகியவை கல்லீரல் செயலிழப்பதன் அடையாளங்கள். அப்போது ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. கிருமி எதுவும் இல்லாமல் கர்ப்பத்தினாலேயே வரும் கல்லீரல் கோளாறுகளும் உண்டு. அவற்றிலும் சில உயிருக்கு ஆபத்தானவை. எது என்று பிரித்தறிவது மருத்துவரின் வேலை.

சி கிருமிக்கு மருந்து உண்டு

சி கிருமி உள்ள தாயிடமிருந்து குழந்தைக்கு அது போகும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து, ஆறு என்ற அளவில்தான். இதற்குத் தடுப்பூசி கிடையாது. ஆனால் குணப்படுத்தும் மாத்திரைகள் வந்துவிட்டன. 2013-இல் அமெரிக்காவில் சோபோஸ்புவிர் மருந்து வெளிவந்தபோது 12 வார சிகிச்சைக்கு 84,000 டாலர் விலை வைத்தார்கள். 2017 செப்டம்பரில் மலேசிய அரசாங்கம் தனக்குள்ள சட்ட உரிமையைப் பயன்படுத்தி, காப்புரிமையை மீறிச் செல்லும் அனுமதியுடன் மலிவான மாற்று மருந்தை அரசு மருத்துவமனைகளுக்குக் கொண்டு வந்தது. 2021-இல் ரவிடாஸ்விர் என்ற மருந்துக்கும் மலேசியா ஒப்புதல் அளித்தது.

பொதுவாகக் கர்ப்பமாக இருக்கும்போது இந்தச் சிகிச்சையைத் தொடங்குவதில்லை. கருவுறுவதற்கு முன்போ, பிரசவத்திற்குப் பிறகோ முடித்துக்கொள்வதே வழக்கம். குழந்தைக்கு 18 மாதம் ஆன பிறகு இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அதற்கு முன் பார்த்தால், தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருளே குழந்தையின் இரத்தத்தில் தெரிந்து குழப்பும்.

கீழாநெல்லி போதுமா?

காமாலை என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களின் நினைவுக்கு வருவது கீழாநெல்லி. இலையின் அடியில் நெல்லிக்காய் போலச் சின்னச் சின்னக் காய்கள் தொங்குவதால் நாம் அப்படி அழைக்கிறோம். மலாய்க்காரர்கள் அதையே 'டுக்கோங் அனாக்' என்கிறார்கள். பிள்ளையைச் சுமப்பது என்று பொருள். கர்ப்பிணிகளைப் பற்றிப் பேசும் இடத்தில் பொருத்தமான பெயர்தான்.

இந்த மூலிகையை அறிவியலும் ஒதுக்கிவிடவில்லை. சென்னையில் டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் புளும்பெர்க்குடன் சேர்ந்து செய்த ஆய்வு 1988-இல் இங்கிலாந்தின் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் பி கிருமியின் அடையாளம் மறைந்ததாக அது கூறியது. உலகமே ஆவலோடு பார்த்தது. ஆனால் பிறகு மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. மேலும், கர்ப்பிணிகளுக்கு அது பாதுகாப்பானது என்று நிரூபிக்கப்படவும் இல்லை. ஆகவே தாத்தா சொன்ன மருந்தின் மீது மரியாதை வைக்கலாம். ஆனால் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அதை நம்பி மருத்துவரிடம் போகாமல் இருக்கக் கூடாது.

அடிக்கடி எழும் கேள்விகள்

கேள்வி: பிறந்த குழந்தைக்கு மஞ்சள் வருகிறதே, அது தாயின் ஹெபடைடிஸா?

பதில்: இல்லை. பிறந்த சில நாள்களில் பல குழந்தைகளுக்கு வரும் மஞ்சளுக்குப் பெரும்பாலும் காரணம், பச்சைக் குழந்தையின் கல்லீரல் இன்னும் முழுமையாக வேலை செய்யத் தொடங்காததே. இரத்த வகை ஒத்துப்போகாமை, ஜி6பிடி குறைபாடு போன்ற காரணங்களும் உண்டு. அதிகமானால் குழந்தையின் மூளையைப் பாதிக்கும் என்பதால், வீட்டுக்கு வரும் தாதி சொன்னபடி பரிசோதிக்க வேண்டும். காலை வெயிலில் காட்டினால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. பி கிருமியோ குழந்தையிடம் எந்த மஞ்சளையும் காட்டாமலேயே தங்கிவிடும்.

கேள்வி: பி கிருமி உள்ள தாய் பால் கொடுக்கலாமா?

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். குழந்தைக்குப் பிறந்தவுடன் ஊசி போடப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். மார்புக் காம்பு வெடித்து இரத்தம் கசிந்தால் தாதியிடம் காட்டி ஆலோசனை பெறவும்.

கேள்வி: அறுவை சிகிச்சை செய்துதான் பிள்ளை பெற வேண்டுமா?

பதில்: இந்தக் கிருமிக்காக மட்டும் அறுவை சிகிச்சை தேவையில்லை. சுகப்பிரசவத்திற்குத் தடையில்லை.

கேள்வி: ஒரே தட்டில் சாப்பிட்டால், கட்டிப்பிடித்தால் ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: ஒட்டாது. இருமலிலும் தும்மலிலும் கொசுக்கடியிலும் பரவாது. மருமகளுக்குத் தனித் தட்டு, தனிக் குவளை வைப்பது அறியாமை. ஆனால் முகச்சவரக் கத்தி, பல் துலக்கும் பிரஷ், நகம் வெட்டி ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது. மாசி மகத் திருவிழாவிலோ குழந்தைக்கு முடி இறக்கும்போதோ காது குத்தும்போதோ, ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடும் புதிய ஊசியும் கேட்டு வாங்க வேண்டும். கேட்பது சாமி குற்றம் ஆகாது.

கேள்வி: கணவர் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் மனைவியுடன் கிளினிக்கிற்கு வர வேண்டும். கிருமி உள்ளவருடன் உடலுறவின் மூலமும் பி பரவும் என்பதால், தம் இரத்தத்தைச் சோதித்து, கிருமியோ எதிர்ப்புச் சக்தியோ இல்லையெனத் தெரிந்தால் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோர், மூத்த பிள்ளைகள் என மற்ற குடும்பத்தாரும் சோதித்துக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் இந்தத் தடுப்பூசி பாதுகாப்பானதே.

கேள்வி: கிளினிக்கில் என்ன கேட்க வேண்டும்?

பதில்: முதல் முறை போகும்போதே, 'ஹெபடைடிஸ் பி சோதனை இதில் உண்டா?' என்று கேளுங்கள். முடிவு உங்கள் பேறுகாலப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். கிருமி இருப்பது தெரிந்தால், பிரசவத்திற்குப் போகும் மருத்துவமனையில் அதை மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால், குழந்தைக்குத் தேவையான இரண்டாவது ஊசி தயாராக இருக்காது.

மறைத்தால் நோய், பேசினால் மருந்து

மலேசியா 2018-இல் தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி., சிபிலிஸ் பரவுவதை ஒழித்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அதைப் பெற்ற முதல் நாடு நாம்தான். அதே பாதையில் ஹெபடைடிஸ் பி-யையும் ஒழிக்க முடியும். உலகில் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி 25 கோடிக்கும் மேற்பட்டோர் இந்தக் கிருமியுடன் வாழ்கிறார்கள். அந்த ஓராண்டில் மட்டும் 11 லட்சம் பேர் இதனால் இறந்தார்கள். பெரும்பாலோருக்குத் தங்களுக்குக் கிருமி இருப்பதே தெரியாது.

நம் சித்திரத்தில் உள்ள பெண்ணிடம் திரும்புவோம். அடுத்த முறை கணவரும் மாமியாரும் அவருடன் கிளினிக்கிற்கு வந்தார்கள். மருத்துவர் ஒரு தாளில் கோடு போட்டு 1989 என்று எழுதி விளக்கினார். மாமியார் நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப இவ அண்ணன் குடிச்சு சாகலையா, டாக்டர்?" என்று கேட்டார். "பரிசோதிக்காம இப்ப உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஆனா அப்படித்தான் இருக்கணும்னு இல்ல" என்றார் மருத்துவர்.

பேறுகாலம் வந்தது. அதிகாலையில் பிறந்த குழந்தைக்குக் காலைப் பசியாறலுக்கு முன்பே இரண்டு தொடையிலும் இரண்டு ஊசிகள் போடப்பட்டுவிட்டன. ஒவ்வொரு தவணைக்கும் நாள் தவறாமல் பேரனைத் தூக்கிக்கொண்டு போனவர் அந்த மாமியார்தான். ஓராண்டு நெருங்கியபோது எடுத்த இரத்தத்தில் கிருமி இல்லை. எதிர்ப்புச் சக்தி இருந்தது. மூத்த பிள்ளைகள் இருவருக்கும் கிருமி இல்லை. பெண்ணுக்கு மட்டும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை கல்லீரலைப் பரிசோதிக்கும் தேதி கொடுக்கப்பட்டிருக்கிறது. அண்ணனுக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.

புக்கிட் அசஹான், கெமெண்டோர், தெபோங், மெர்லிமாவ், அலோர் காஜா என மலாக்காவில் எந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும், 1989-க்கு முன் பிறந்த ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் இந்தச் சோதனையைச் செய்துகொள்வது நல்லது. வீட்டில் ஒரு பெண் கருவுற்றிருந்தால் இன்றே அவருடைய பேறுகாலப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். அந்த ஒரு வரி அதில் இருக்கிறதா?